கை எங்கே இருக்க வேண்டும்: மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் பயிற்சி, ஒரு வழிகாட்டி

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கொடைக்கானல் ஏரிக்கரையிலோ மெரினாவிலோ காசு கொடுத்துக் குதிரைமேல் ஒரு சுற்று ஏற்றிவிட்டால் போதாதா, இதற்கென்று தனியாக ஒரு பயிற்சி எதற்கு என்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டிலும் நடப்பது குதிரைதான். ஆனால் ஏறுபவரின் உடல்நிலையைப் பார்த்துக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது, அது நீளமாக அடியெடுத்து வைக்க வேண்டுமா குறுக்கி வைக்க வேண்டுமா என்று தீர்மானிப்பது, எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது, பக்கத்தில் நடப்பவரின் கை எங்கே இருக்க வேண்டும், எப்போது அந்தக் கை விலக வேண்டும் என்பவையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கப்பட்டிருந்தால்தான் அது பயிற்சியாகும். இல்லையென்றால் அது சவாரி. சவாரியில் மகிழ்ச்சி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் தானாக நிமிர்ந்து உட்கார முடியாத ஒரு பிள்ளைக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

வீட்டில் ஒருவரை இப்பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் குடும்பத்தினருக்கும், தன்னார்வலராகப் பக்கத்தில் நடக்க முன்வருபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குதிரையின் விலாவை ஒட்டி நடந்து, ஏறியிருப்பவரின் தொடைமேல் முன்கையை வைத்துத் தாங்குகிற வேலையைப் பல ஆண்டுகள் செய்ததில் கற்றுக்கொண்டவை இவை.

குதிரையின் நடை என்ன செய்கிறது

குதிரை நடக்கும்போது நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே நிலத்தைத் தொடுகின்றன. பின்னங்கால் ஒன்று முன்னே வீசப்படும்போது வயிறு எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது. முதுகின் ஒரு பக்கம் தாழ, மறுபக்கம் எழுகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும் அசைகிறது, பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்கிறது, கூடவே சற்றுத் திருகவும் செய்கிறது. நாம் சொந்தக் காலில் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறத்தாழ இப்படித்தான். ஆகவே, ஒருநாளும் எழுந்து நடந்திராத ஒரு குழந்தைக்கு, நடப்பது உடலுக்குள் எப்படி இருக்கும் என்பதைக் குதிரையின் முதுகு உணர்த்துகிறது. சிகிச்சை அறையின் பெரிய பந்தோ, அசையும் பலகையோ இந்த மூன்று திசை அசைவையும் ஒரே சமயத்தில், ஒரே சீரான தாளத்தில் தருவதில்லை.

குதிரை நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி எடுத்து வைக்கிறது. இருபது நிமிடம் நடந்தால் 2000 முறை முதுகு அசைகிறது. அத்தனை முறையும் ஏறியிருப்பவரின் வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் உடலை நடுவுக்குக் கொண்டுவர முயல்கின்றன. குழந்தைக்கு இது உடற்பயிற்சி என்றே தெரியாது. குதிரையின் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் அளவில், நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதும் உதவுகிறது. கத்தரிக்கோல் போல இறுகிக்கிடக்கும் தொடைகள், மெல்லிய விரிப்பின்மேல் உட்கார்ந்து பத்து நிமிடம் நடந்தபின் சற்றுத் தளர்வதை முன்கையாலேயே உணரலாம்.

இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் பெயரிலிருந்து தொடங்குவது வழக்கம். 1944-இல் கருவுற்றிருந்தபோது போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவர், ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட நிலையிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற குதிரைமேல், குதிரையின் நடையையும் கட்டுப்பாட்டையும் மதிப்பிடும் டிரெஸாஜ் போட்டியில் வெள்ளி வென்றார். அந்தப் போட்டியில் பெண்கள் அனுமதிக்கப்பட்ட முதல் ஒலிம்பிக்கும் அதுவே. 1956-இல் மீண்டும் வெள்ளி. அதன்பின் ஐரோப்பாவில் பல இடங்களில் இப்பயிற்சி வேர்விட்டது. 1969-இல் பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இதற்கென்றே தேசிய அமைப்புகள் உருவாயின. 1996 அட்லாண்டாவிலிருந்து பாராலிம்பிக்கில் பாரா டிரெஸாஜ் இடம்பெற்று வருகிறது. அதில் மிகக் கூடுதலான உடற்குறை உள்ளவர்களுக்குரிய முதல் தரத்தில் குதிரை ஓடுவதே இல்லை, நடக்க மட்டுமே செய்கிறது. நல்ல நடை ஒன்றே உலகத்தரப் போட்டிக்குப் போதும் என்பதை, "எப்போது ஓட விடுவீர்கள்?" என்று அவசரப்படும் பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு.

மன இறுக்கம் எனப்படும் ஆட்டிசம், மிகைத்துடிப்பு ஆகியவற்றிலும் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவின் கொலராடோவில் ஆட்டிசம் உள்ள 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம் குதிரையேற்றமும், மறுபிரிவினருக்கு அதே காலத்தில் உண்மைக் குதிரையைத் தொடாமல் குதிரை பற்றிய பாடங்களும் கொடுத்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், குதிரையேறியவர்களிடம் எரிச்சலும் மிகைத்துடிப்பும் குறைந்து, பேசிய சொற்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. இதை வைத்து ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். இது இயன்முறைச் சிகிச்சைக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ மாற்று அல்ல. அவற்றோடு சேர்த்துச் செய்வது.

யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிப்போதெரபி என்பது இயன்முறை மருத்துவரோ, செயல்முறை அல்லது பேச்சுப் பயிற்சி நிபுணரோ குதிரையின் நடையைச் சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்துவது. அதில் ஏறியிருப்பவர் குதிரையைச் செலுத்தக் கற்றுக்கொள்வதில்லை. சிகிச்சைசார் குதிரையேற்றம் என்பது, தகுந்த மாற்றங்களோடு குதிரையேற்றத்தையே கற்றுக்கொடுப்பது. அதைப் பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்துவார். நீங்கள் செல்லும் இடத்தில் தரப்படுவது எது என்று நேரடியாகக் கேளுங்கள். பொதுவாக முன்னதை இரண்டு வயதிலிருந்தும் பின்னதை நான்கு வயதிலிருந்தும் தொடங்குவார்கள்.

எதுவானாலும் மருத்துவரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் யாரையும் குதிரைமேல் ஏற்றக்கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்திருக்கும்; குதிரை சற்றுத் துள்ளினாலே தண்டுவடம் நசுங்கக்கூடும். ஆகவே அவர்களுக்கு நரம்பியல் பரிசோதனை கட்டாயம், அதை ஆண்டுதோறும் திரும்பச் செய்வதும் கட்டாயம். கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவியிருத்தல், 30 டிகிரிக்கு மேற்பட்ட முதுகெலும்பு வளைவு, எலும்பு எளிதில் முறியும் நோய்கள், இரத்தம் உறையாத கோளாறு, ஆறாத படுக்கைப் புண், அண்மையில் நடந்த எலும்பு அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் ஏற்றக்கூடாது, அல்லது நிபுணர் தெளிவாக அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். தலை நிற்காத குழந்தைக்கு ஹெல்மெட்டின் எடையே கழுத்துக்குச் சுமையாகிவிடும். குதிரை முடியால் ஆஸ்துமா கிளம்பக்கூடியவர்களையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

ஏற முடியாது என்று சொல்லும் நாள் வருத்தமானது. ஆனால் குதிரைக்குத் தூரிகை போடுவது, கையில் கொள்ளுத் தானியத்தை வைத்து நீட்டுவது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடப்பது ஆகியவற்றைத் தரையில் நின்றோ சக்கர நாற்காலியில் அமர்ந்தோ செய்யலாம். நல்ல நிலையங்கள் அதற்கென்றே நேரம் ஒதுக்குகின்றன. தங்கள் இடத்தில் எல்லோரும் ஏறலாம் என்று பெருமையாகச் சொல்லும் நிலையத்தைவிட, சிலரை மறுத்த நிலையத்தையே நான் நம்புவேன்.

குதிரையும் தளவாடமும்

சாதுவான குதிரை என்றால் போதும் என்று நினைப்பது தவறு. சாதுவாக இருப்பதோடு அதன் நடை சீராகவும், முதுகு இரு பக்கமும் சமமாக அசைவதாகவும் இருக்க வேண்டும். நொண்டும் குதிரை, அந்த நொண்டலையே மேலே இருப்பவரின் இடுப்புக்குக் கற்றுக்கொடுக்கும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை யாரோ இலவசமாகத் தருகிறார்கள் என்று வாங்கிவிடும் வழக்கம் உண்டு. அவற்றில் சில அருமையாகப் பழகும், ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட மறுபயிற்சி தேவை. எந்தக் குதிரையையும் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், திடீர்க் கூச்சல், மேலே பறக்கும் பந்து, இரு பக்கமும் ஒட்டி நடக்கும் ஆட்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் பழக்கிய பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும். உயரம் பெரிதாக இருந்தால் பக்கத்தில் நடப்பவரின் தோளுக்கு மேல் கை போய்விடும்; பத்து நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

எடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ என்றால், சேணத்துக்குப் பத்து கிலோவைக் கழித்தபின் ஏறுபவர் 70 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உடலைச் சமன் செய்ய முடியாதவரின் எடை முதுகில் ஒரே பக்கமாக இறங்குவதால், உண்மையில் அதற்கும் குறைவாகவே வைத்துக்கொள்வது குதிரைக்கு நல்லது.

ஹெல்மெட் குதிரையேற்றத்துக்கென்று தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மிதிவண்டி ஹெல்மெட் இதற்கு ஆகாது. சேணத்துக்குப் பதிலாக, தடித்த விரிப்பும் அதன்மேல் கைப்பிடிகள் வைத்த வாரும் போதும் என்று பல நேரங்களில் இயன்முறை மருத்துவர் சொல்வார். அங்கவடியில் கால் வைக்காமல் தொங்கவிட்டால் தொடை தளரும், குதிரையின் அசைவும் வெப்பமும் நேராக உடலுக்கு வரும். அங்கவடி பயன்படுத்தினால், விழும்போது பாதம் சிக்காமல் விடுபடும் வகை மட்டுமே ஏற்கத்தக்கது. பக்கவாட்டில் ரப்பர் வளையம் மாட்டி, இழுத்தால் கழன்றுவிடுவது அதில் பரவலானது. விரல்கள் பிடிக்காதவர்களுக்கு ஏணிபோல் குறுக்குப்பட்டைகள் வைத்த கடிவாள வார் கிடைக்கிறது. எதை வாங்கினாலும் ஏறுபவரைக் குதிரையோடு சேர்த்துக் கட்டுகிற பட்டையை மட்டும் வாங்காதீர்கள். கட்டினால் விழமாட்டார் என்பது உண்மைதான், ஆனால் குதிரை விழுந்தால் அவரும் அதன் அடியில் இருப்பார்.

ஏற்றுவது

ஒரு வகுப்பின் மிக ஆபத்தான நிமிடம் ஏற்றும் நிமிடம். அதற்கென்று சாய்தளம் வைத்த மேடை வேண்டும். தரையிலிருந்து தூக்கி ஏற்றுவது தூக்குபவரின் முதுகையும் குதிரையின் முதுகையும் சேர்த்துக் கெடுக்கும். குதிரையை மேடைக்கும் எதிரே உள்ள சிறிய திட்டுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துவார்கள். குதிரையை நடத்துபவர் அதன் தலைக்கு முன்னால், சற்று ஒதுங்கி நின்று, அதைப் பார்த்தபடி இருப்பார். எதிர்த்திட்டில் ஒருவர் நின்று வலப்பக்கக் காலை வாங்கிக்கொள்வார். வயிற்றுவாரை ஏற்றும் முன் ஒரு முறை, ஏற்றியவுடன் ஒரு முறை, ஐந்து நிமிடம் நடந்த பின் ஒரு முறை என மூன்று தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். குதிரைகள் வார் இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வதும், நடந்ததும் வார் தளர்வதும் லாயக்காரர்கள் எல்லோரும் அறிந்ததே.

தொடை இறுகியவரைக் காலை அகலமாக விரித்து உட்கார வைக்க அவசரப்படக்கூடாது. முதலில் மேடையின் விளிம்பிலிருந்து குதிரையின் முதுகில் பக்கவாட்டாக அமர்த்தி, மூச்சு சீராகும் வரை பொறுத்து, பிறகு ஒரு காலைப் பிடரிக்கு மேலாக மெல்லச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். காலை எடுக்கும்போது முழங்காலை மடக்கியே எடுக்க வேண்டும். நீட்டி இழுத்தால் தசை இன்னும் இறுகும். உட்கார்ந்தவுடன் குதிரையை நாலு அடி முன்னே நகர்த்தி மேடையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அங்கவடியின் நீளத்தைச் சரிசெய்வது, உடையை இழுத்துவிடுவது, படம் எடுப்பது எல்லாம் அதன் பிறகு.

பக்கத்தில் நடப்பது

ஏறியிருப்பவரின் முழங்காலுக்கு நேராக உங்கள் தோள் இருக்க வேண்டும். குதிரையை ஒட்டிய கையின் முன்பகுதியைத் தொடையின் மேல்பாகத்தில் குறுக்காகக் கிடத்தி, விரல்களால் சேணத்தின் முன்மடிப்பையோ விரிப்பின் பிடியையோ பற்றிக்கொள்ளுங்கள். மற்றக் கை தேவைப்பட்டால் கணுக்காலைத் தாங்கும். முழங்கை குதிரையின் விலாவில் குத்தக்கூடாது; குத்தினால் அது வேகமாகப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். வார், கயிறு, பிடி எதையும் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. இரு பக்கமும் நடப்பவர்கள் ஒரே அளவு அழுத்தம் கொடுக்க வேண்டும். ஒருவர் கூடுதலாக அழுத்தினால் ஏறியிருப்பவர் அந்தப் பக்கமே சரிவார், அதைச் சரிசெய்ய மற்றவர் இன்னும் அழுத்துவார், நடுவில் இருப்பவர் இருவருக்கும் இடையே சிக்கிய பொதிபோல் ஆகிவிடுவார்.

முதலில் அனுமதி கேளுங்கள். பேச்சு வராதவரிடமும் கேளுங்கள். "உங்கள் தொடைமேல் கை வைக்கப் போகிறேன்" என்று சொல்லி, முகத்தைப் பார்த்து, ஒரு நொடி பொறுத்து வையுங்கள். வாழ்நாள் முழுவதும் பிறரால் தூக்கப்பட்டும் திருப்பப்பட்டும் வந்தவர்களுக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இனி, புதிதாக வரும் ஒவ்வொரு தன்னார்வலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்கிறேன், நானும் செய்தேன். இறுகிய கால்களும் தளர்ந்த முதுகும் கொண்ட ஒரு சிறுவன் வாரம்தோறும் வருவான். அவன் சாயத் தொடங்கும்போதெல்லாம் நான் உடனே இடுப்பைப் பிடித்து நிமிர்த்திவிடுவேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான்காவது வாரம் எங்கள் ஆசிரியர் என் கையைத் தொட்டு, "நீங்கள் நிமிர்த்துவதால் அவன் நிமிரவில்லை" என்றார். அன்று அவர் சொற்படி முன்கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு, இடுப்பைத் தொடாமல் நடந்தேன். திருப்பத்தில் அவன் இடப்பக்கம் சரிந்தான். என் உள்ளங்கை வியர்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று அடி. விரிப்பின் பிடியைப் பற்றியிருந்த அவன் கைவிரல்கள் வெளுத்தன, கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு மெல்ல மெல்லத் தலை நடுவுக்கு வந்தது, அதன் பின்னால் தோள், அதன் பின்னால் முதுகு. மூன்று வாரமாக நான் அவனிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது அந்த மூன்று அடிகளைத்தான்.

ஆகவே கையைக் குறைப்பதற்கும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொடையும் கணுக்காலும். நன்கு உட்காரத் தொடங்கியபின் தொடை மட்டும். பிறகு கணுக்கால் மட்டும். கடைசியில் கை எதுவும் இல்லாமல், ஆனால் எட்டும் தூரத்தில் கூடவே நடப்பது. ஒவ்வொரு படியையும் ஆசிரியரோ இயன்முறை மருத்துவரோதான் அறிவிக்க வேண்டும். களைப்பு வந்ததும் முந்தைய படிக்குத் திரும்புவதில் வெட்கப்பட எதுவுமில்லை. தொடர்ந்து தாங்குவதால் கை ஓய்ந்துபோனால் வாய்திறந்து சொல்லுங்கள். குதிரையை நிறுத்தி, ஒரு பக்கத்தவர் முழுதாகத் தாங்கிக்கொண்டிருக்க, மற்றவர் மட்டும் மாற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுக்கவே கூடாது.

குதிரையை நடத்துபவர் குதிரையை மட்டும் கவனிப்பார். கயிற்றின் மிச்சத்தை மடித்துப் பிடிப்பாரே தவிரக் கையில் சுற்றமாட்டார். திரும்பித் திரும்பி ஏறியிருப்பவரைப் பார்க்கமாட்டார், போகும் திசையைப் பார்ப்பார். காதுகள் பின்னுக்குப் படிவது, வாலைச் சுழற்றுவது, பல்லைக் கடிப்பது ஆகியவற்றை முதலில் காண வேண்டியவர் அவர். அந்த அறிகுறிகளைக் கண்டும் "கொஞ்ச நேரம்தானே" என்று தொடர்வது குதிரைக்குச் செய்யும் அநீதி.

வகுப்புக்குள்

முப்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடக்கத்தில் பதினைந்தே போதும். நேர்கோட்டில் சீராக நடப்பதில் தொடங்கி, பெரிய வட்டம், பிறகு பாம்புபோல் வளைந்து செல்லுதல் என்று போகலாம். வட்டத்தில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படுவதால், பலவீனமான பக்கம் எது என்பதைப் பொறுத்து எந்தத் திசையில் எத்தனை சுற்று என்று முடிவு செய்வார்கள். நடந்து நிற்பதும் நின்று நடப்பதும் முதுகுக்கு நல்ல வேலை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஏறியிருப்பவர் முன்னே குப்புறச் சாய்வார், ஆகவே நடத்துபவர் "நிற்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும். பின்னோக்கி உட்கார வைப்பது, குறுக்கே படுக்க வைப்பது போன்றவை மருத்துவரின் கையில் மட்டும் இருக்கட்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தயாரிப்பு வீட்டிலேயே தொடங்குகிறது. ஹெல்மெட்டை ஒரு வாரம் முன்னதாக இரவல் வாங்கிச் சென்று, தினமும் ஐந்து நிமிடம் பிடித்த பாட்டுக் கேட்கும்போது போட்டுப் பழக்குங்கள். லாயத்தின் வாசனை, ஈக்கள், இரும்புக் கதவின் ஓசை இவற்றில் எது தொந்தரவு தரும் என்பது தாய்க்குத்தான் தெரியும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் வருகையில் ஏறாமலே திரும்பினாலும் அது வீண் அல்ல. வந்திறங்குவது, ஹெல்மெட், ஏறுவது, மூன்று சுற்று, இறங்குவது, கேரட் கொடுப்பது என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்த ஒவ்வொன்றையும் பிள்ளையே கழற்றும்படி வைத்தால் பதற்றம் குறைகிறது.

பேச்சு வராத பிள்ளையோடு "நட" என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். குதிரையை நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் ஒரே ஒருமுறை "நட" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். யாரும் உற்சாகப்படுத்தக்கூடாது, அம்மாவும் வேலிக்கு வெளியிலிருந்து குரல் கொடுக்கக்கூடாது. பிள்ளை சொல்லாவிட்டாலும், கழுத்தில் ஒரு தட்டு, உடலை முன்னே ஒரு அசைப்பு, ஏதாவது ஓர் ஒலி வந்தால் அந்தக் கணமே குதிரை நடக்க வேண்டும். தான் கேட்டதால் இவ்வளவு பெரிய விலங்கு நகர்ந்தது என்பதை அந்தப் பிள்ளை உணர வேண்டுமானால், கேட்பதற்கும் நகர்வதற்கும் இடையில் நம் பேச்சு நுழையக்கூடாது. இங்கும் கையைக் குறைப்பதே வழி, நாக்கும் ஒரு கைதான்.

எதிர்பாராதது நடந்தால்

குதிரை மிரண்டால் நடத்துபவர் குதிரையோடேயே இருப்பார். பக்கத்தில் நடப்பவர்கள் இருவரும் தொடையை இறுக்கிப் பிடித்து உள்ளே சாய்வார்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அடங்காமல் இறக்கியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், முதலில் அங்கவடியிலிருந்து இரண்டு பாதங்களும் வெளியே வர வேண்டும். எந்தப் பக்கம் இறக்குவது என்று அவர் சொல்வார். அந்தப் பக்கத்தவர் உடலைச் சுற்றி அணைத்துத் தன்னை நோக்கி வாங்க, மறுபக்கத்தவர் காலைத் தூக்கிக் கொடுக்க, நடத்துபவர் குதிரையை அவர்களிடமிருந்து விலக்கிக் கொண்டுபோவார். இதை யாரும் ஏறாத வெறும் குதிரையில் முதலிலும், பிறகு நலமான ஒரு தன்னார்வலரை ஏற்றியும் ஒத்திகை பார்த்திராத குழுவை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். சேரும் முன் அந்த ஒத்திகையைக் காட்டும்படி கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு.

மேலே வலிப்பு வந்தால் குதிரையை நிறுத்தி, தலையையும் உடலையும் தாங்கியபடி இறக்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அன்று மீண்டும் ஏற்றக்கூடாது.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிமுறைகள் இதை அதிகம் பேசுவதில்லை. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது; மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடேறினாலே கைகால் பலம் குறையும். குதிரைகளிலும் வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரங்களில் சில வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. தோல் உலர்ந்திருக்க, நாசி விரிந்து மூச்சு மட்டும் வேகமாக வாங்கும். அப்படி ஒரு குதிரையைக் கண்டால் அன்று அதற்கு விடுப்பு. சித்திரை, வைகாசியில் காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். நிழலும் தண்ணீரும் மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இறக்கிய பிறகு

தரையில் இறக்கினால் பாதம் நிலத்தைத் தொடும் வரை மெதுவாக வழுக்கிவர விட்டு, முழங்கால் மடங்காதபடி பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் குதிரையின்மேல் சாய்ந்தே நிற்கட்டும். தளர்ந்த தொடைகள் நிமிர்ந்து நிற்க ஒத்துழைக்கும் நேரம் அது. நடக்கப் பழகும் பிள்ளையாக இருந்தால், சக்கர நாற்காலியைப் பத்து அடி தள்ளி நிறுத்தி, அந்தப் பத்து அடியையும் நடத்திவையுங்கள். உணர்ச்சியற்ற தோல் உள்ளவர்களை வீட்டுக்குப் போனதும் பிட்டத்திலும் உள்தொடையிலும் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால் அடுத்த வகுப்புக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏறும் நாளன்று தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம், மெல்லிய முழுக்கால் சட்டை போதும்.

ஒரு நோட்டுப்புத்தகம் வையுங்கள். எத்தனை நிமிடம், எந்தக் குதிரை, கை எங்கே இருந்தது, எத்தனை அடி தானாக நிமிர்ந்து இருந்தார், அன்றிரவு தூக்கம் எப்படி. வாரம் ஐந்து வரி போதும். பத்தாவது வாரம் இயன்முறை மருத்துவர் உட்காரும் நிலையை மீண்டும் அளக்கும்போது அந்த ஐம்பது வரிகளும் அவருக்கு வேண்டியிருக்கும். அந்தச் சிறுவனின் நோட்டில் நான்காவது வாரத்தில் "இடப்பக்கத் திருப்பம், 3 அடி, கை தொடையில்" என்று இருக்கிறது. பத்தாவது வாரத்தில் "இரு பக்கத் திருப்பமும், முழுச் சுற்று, கை கணுக்காலில்" என்று எழுதியிருக்கிறேன்.